ஒட்டினால் பிரியாது

குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவனின் பிடரியில் விழுந்த சொட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

யென்-டிங் நிமிர்ந்து பார்த்தான். குளியலறைப் பொய்க்கூரையின் பலகை இடுக்கில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது. தைவானின் கீலுங் துறைமுகத்தில் குளிர்கால மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி காயாது, சுவர் காயாது, மனிதர்களின் கோபமும் காயாது. குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். அந்த ஊரில், அந்த மாதத்தில் மேலிருந்து இளஞ்சூடாகத் தண்ணீர் சொட்டினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். மேல்வீட்டுக் கெங் அத்தை சுகமாக வெந்நீரில் குளிக்கிறாள்.

அந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் மேல்வீட்டின் கழிவுநீர்க் குழாயைக் கீழ்வீட்டின் கூரைக்குள் ஓடவிட்டிருந்தான். குழாய் அவளுடையது, ஒழுகல் இவனுடையது. ஆறு மாதமாக இதே சண்டை. இவன் படியேறிக் கத்துவான். அவள் கதவைச் சாத்திவிட்டு, வேண்டுமென்றே ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பாள். முன்பெல்லாம் ஒழுகியது சில்லென்றுதான் இருக்கும்.

சண்டையோடு போயிருந்தால் பரவாயில்லை. அவன் மனைவி வான்-யூவுக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது போன பிறகு அவள் வெகுநாள் பேசாமலிருந்ததை யென்-டிங் பார்த்தவன். நேற்று அந்த ஈரத் தரையில் அவள் கால் ஒரு சாண் வழுக்கியது. கதவைப் பிடித்துத் தப்பித்தாள்.

குழாய் வேலைக்காரனுக்குப் போன் போட்டான். எல்லாம் கேட்டுக்கொண்டவன் கடைசியில், "வீட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களாண்ணே?" என்றான்.

"ஆமா, சம்சாரம். அதுக்கென்ன?"

"அப்ப கொழந்த பொறந்தப்புறம் கூப்பிடுங்க." வைத்துவிட்டான்.

யென்-டிங் மாடிக்கு ஏறினான். கெங் அத்தை கதவைச் சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தாள். தலைமுடி காய்ந்து கிடந்தது. குளித்தவள் மாதிரித் தெரியவில்லை. அப்போதே அவன் அதைக் கவனித்திருக்கலாம்.

"இன்னிக்கு அந்த ஒழுகற கொழாய் மூட்ட மாத்தப் போறேன் அத்த. சாயங்காலம் வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க."

"இப்ப அதுல கை வைக்காதடா." வழக்கமான எகத்தாளம் அவள் குரலில் இல்லை. "வயித்துப் புள்ளக்காரி இருக்கற வீடு. புள்ளயோட உசுரக் காக்கற கருச்சாமி ஒரு நாள் கட்டில்ல தங்கும், ஒரு நாள் அடுப்புல தங்கும், ஒரு நாள் குளிக்கிற எடத்துல தங்கும். எங்க இருக்குன்னு பாக்காம அறுக்கறது ஒட்டறதெல்லாம் ஆகாது. அது மேல படறது புள்ள மேலயும் படும். புள்ள பொறக்கட்டும், கூலிய நானே குடுக்கறேன்."

"ஆறு மாசமா குடுக்காத மகராசி, இப்ப சாமி பேரச் சொல்லித் தள்ளிப் போடறீங்களா? உங்க ஊத்தத் தண்ணி போற கொழாயில வந்து ஒக்காரணும்னு அந்தச் சாமிக்கு என்ன தலையெழுத்து?"

"வாயக் கழுவுடா."

"அதுக்குத்தான் மேலேருந்து தண்ணி ஊத்தறீங்களே."

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நேராக மொட்டை மாடிக்குப் போய், மழையில் நனைந்துகொண்டே கெங் அத்தை வீட்டுத் தண்ணீர்க் குழாயை அவளிடம் சொல்லாமல் இறுக மூடிவிட்டு வந்தான். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது ஓர் அலமாரியை நகர்த்துவதானாலும் அவன் அம்மா முதலில் துடைப்பத்தால் அந்த இடத்தைப் பெருக்குவாள். சாமி எழுந்து வேறிடம் போகட்டும் என்று. துடைப்பம் குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றது. அதால் கூரையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஆரம்பித்திருக்கலாம். ஆனால் கெங் அத்தை சொன்ன பிறகு தட்டினால் அவளிடம் தோற்றதாகிவிடும். துடைப்பத்தை எடுத்து வெளியே சாத்தினான்.

கூரைப் பலகையை நீக்கி, முக்காலியில் ஏறித் தலையை உள்ளே விட்டான். சிமெண்டும் பூஞ்சையும் கலந்த வாடை. மழைச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் அமுங்கிப் போயிருந்தது. கைவிளக்கின் வெளிச்சத்தில் சாம்பல் நிறக் குழாய் அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குறுக்கே ஓடி, அவன் தொடைப் பருமனுள்ள ஓர் எல்போ மூட்டில் முழங்கைபோல் வளைந்து சுவருக்குள் இறங்கியது. எல்போவின் இடுக்கில் சொட்டு. விழுந்தது. இன்னொன்று. விழுந்தது. தண்ணீரை மூடி அரை மணியாகியும் குறையவில்லை.

குழாயில் மிச்சமிருந்தது வடிகிறது என்று சொல்லிக்கொண்டான்.

ஆக்சா பிளேடால் எல்போவின் இருபுறமும் அறுத்தான். பிளாஸ்டிக் பொடி கண்ணில் விழுந்தது. துண்டு கழன்று வந்தபோது சாக்கடை நாற்றத்துக்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாற்றம் வரவில்லை. வந்தது வேறொரு வாடை. துறைமுக மீன்சந்தையில் பெரிய மீனின் வயிற்றைக் கீறியதும் வருமே, இரும்பும் உப்பும் கலந்த அந்தப் பச்சை வாடை. கூடவே முகத்தில் லேசாக ஒரு சூடு. குழாயின் இருட்டு வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தான். உட்புறம் பளபளத்தது. சுத்தமாக, வழவழப்பாக, லேசான சிவப்பாக.

"யென்-டிங், இன்னும் எவ்ளோ நேரம்?" படுக்கையறையிலிருந்து வான்-யூ குரல் கொடுத்தாள். "உன் புள்ள பந்து வெளையாடுது இங்க. நீ அறுக்க அறுக்க ஒரே உதை."

"முடிஞ்சுது. சத்தம் புடிக்கல போல."

"அப்பா ரௌடின்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு அதுக்கு."

சிரித்தான். அவள் இப்படிச் சிரித்துப் பேசி நாளாயிற்று. புது எல்போவின் உள்விளிம்பிலும் குழாய் முனைகளிலும் குழாய் ஒட்டும் சொல்யூஷனைத் தடவினான். மூக்கைத் துளைக்கும் அதன் நெடி அந்தப் பச்சை வாடையை மூடியது. நல்ல சாமான் இது. இரண்டு பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். ஒட்டினால் பிரியாது, பிரிக்க வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும்.

எல்போவைச் செருகிக் கால் சுற்றுத் திருகினான். பசை பிடிக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தள்ளும். தள்ளியது. எல்லா மூட்டும் தள்ளும்தான். ஆனால் இது விட்டு விட்டுத் தள்ளியது. ஒரு தள்ளல். ஓய்வு. மறுபடி. உள்ளே போக எதுவோ வழி கேட்பதுபோல, அல்லது வெளியே வர. அவன் தோளைக் கொடுத்து அழுத்தினான். பல்லைக் கடித்தான். மனதுக்குள் கெங் அத்தையைத் திட்டினான். கடைசியாக ஒரு பலத்த தள்ளல். பிறகு ஒன்றுமில்லை.

சொட்டு நின்றது.

மழை கேட்டது. வீடு ஓசையற்றுக் கிடந்தது.

"யென்-டிங்."

அவள் குரல் மாறியிருந்தது.

"கொஞ்சம் வாயேன்."

வான்-யூ இடப்பக்கம் சாய்ந்து படுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றில் பதித்திருந்தாள். "நின்னுடுச்சு," என்றாள். "ஆடிக்கிட்டே இருந்தது. டக்னு நின்னுடுச்சு."

"தூங்கும்."

"தூங்கறது எனக்குத் தெரியும். இது தூக்கமில்ல." அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். வயிறு சில்லென்று இருந்தது. "வெத்துப் பை மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம். வண்டி கூப்பிடு."

அவன் போனைத் தேடினான். குளியலறையில் வைத்த ஞாபகம். போனான். போனை எடுத்தான்.

டுக்.

தலைக்கு மேல்.

டுக். டுக்.

குழாய் சூட்டில் விரிந்தால் சத்தம் வரும், குளிரில் சுருங்கினாலும் வரும். அவனுக்குத் தெரியும். முக்காலியில் ஏறியது எதுவென்று தொட்டுப் பார்க்கத்தான். எல்போவில் உள்ளங்கையை வைத்தான்.

சூடு. உடம்புச் சூடு.

உள்ளேயிருந்து ஓர் உதை அவன் கையில் பட்டது.

அவனுக்கு அந்த உதை தெரியும். இரண்டு மாதமாக வேலை விட்டு வந்ததும் தினம் கை வைத்து வாங்கிய உதை. போன் தரையில் விழுந்தது. கெட்டிப் பிளாஸ்டிக் அவன் விரலுக்கடியில் மெல்லப் புடைத்தது. ஒரு சின்னக் குதிகால் அளவுக்கு. புடைப்பு நகர்ந்தது. அமுங்கியது. வேறிடத்தில் புடைத்தது.

எப்படிப் படியேறினானென்று அவனுக்கே தெரியாது. மேல்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தான். "அத்த! அத்த, தொறங்க!"

சங்கிலி இடுக்கில் கெங் அத்தையின் ஒற்றைக் கண். அவன் கையில் காய்ந்திருந்த சொல்யூஷனைப் பார்த்தாள். பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஒட்டிட்டியா?"

"ஒட்டிட்டேன். அத்த, என்ன செய்யணும்? சொல்லுங்க, உங்க கால்ல விழறேன்."

"ஒட்டுனவன்தான் அறுக்கணும்." அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. "என்னத்துக்கு இங்க வர்ற? போடா! என் வீட்டு வாசல்ல நிக்காத!"

கதவு. தாழ்ப்பாள். இன்னொரு தாழ்ப்பாள்.

கீழே ஓடினான். பிளேடு முக்காலி அடியில் கிடந்தது. எடுத்தான். ஏறினான். உதைகள் தளர்ந்திருந்தன. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. சொல்யூஷன் நெடி கண்ணைக் கரித்தது. உள்ளேயும் இதே நெடிதானே இருக்கும் என்று தோன்றியது.

புடைப்பில்லாத இடமாகப் பார்த்துப் பிளேடை வைத்தான். ஓர் இழுப்பு.

படுக்கையறையில் வான்-யூ அலறினாள்.

கை நின்றது. குழாயில் மயிரிழை ஆழத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். அது அடிவரை போகவேயில்லை. ஆனாலும் அந்தக் கோட்டில் ஒரு சொட்டு திரண்டு, கீழே ஓடி, அவன் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக.

காலடிச் சத்தம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். சட்டையை மேலே தூக்கியிருந்தாள். அடிவயிற்றில் குறுக்கே, ஒரு விரல் நீளத்துக்கு, பல்பல்லாக, புதிதாக ஒரு சிவப்புக் கோடு. அவள் அதைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த பிளேடைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.

டுக்.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. அங்கே எதுவும் இல்லை. முகத்தில் தெரிந்தது.

"அறுக்காத," என்றாள். உடனே, "விட்றாத," என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில்.

அவன் அசையவில்லை. பிளேடு கோட்டிலேயே இருந்தது. எடுத்தால் அது உள்ளேயே. இழுத்தால்...

சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மறுபடி புடைத்தது. மெதுவாக. அப்பாவின் கை எங்கேயென்று தேடுவதுபோல அந்தச் சின்னப் புடைப்பு எல்போவைச் சுற்றி நகர்ந்து வந்து, பிளேடின் பற்களுக்கு நேர் கீழே நின்றது.