எட்டாயிரத்து எண்பதாவது வாசல்

மாமியாரின் கடைவாயைத் துடைத்த துணியில் மணல் ஒட்டியிருந்தது.

வீரலட்சுமி அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். காலையில் புகட்டிய கஞ்சியின் நொய் காய்ந்து கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நொய் இல்லை. ஈரமான கடல் மணல், இடையிடையே சிப்பி நொறுங்கிய வெள்ளைத் துணுக்குகள். ஐப்பசி மழைக்கு வீட்டு ஜன்னல்கள் எல்லாம் இரண்டு நாளாகச் சாத்தியே கிடந்தன. காற்று அள்ளி வந்து போட்டது என்று சொல்லவும் வழியில்லை. மத்தியானச் சோற்றை ரசம் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்திருந்தாள். கரண்டி உதட்டருகே போனதும் சோணையம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். வயிறு நிறைந்தவர்கள் திருப்புவது போல.

"என்ன அத்த, பசிக்கலையா?"

பதில் வராது. ஆடியில் பக்கவாதம் வந்ததிலிருந்து சோணையம்மாளுக்குப் பேச்சு கிடையாது, வலது பக்கம் அசைவு கிடையாது. இடது கையும் கண்களும்தான் மிச்சம். பரமக்குடிப் பக்கத்து வயல்காட்டில் மிளகாய்ச் செடிகளோடு வாழ்ந்தவள் அவள். மகன் வீரபத்திரன் ஷார்ஜாவில் சம்பாதித்து, பெரியபட்டினத்துக்கு வெளியே தென்னந்தோப்பை ஒட்டி வீடு கட்டி அழைத்து வந்தபோது, "கடலுக்கு இம்புட்டுப் பக்கத்துல எவனாச்சும் வீடு கட்டுவானா?" என்று வைதுகொண்டேதான் படியேறினாள். அவள் விழுந்த சேதி கேட்டும் அவனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. தினமும் போனில் அழுவான். "உசுரோட ஒருவாட்டி பாத்துட்டாப் போதும் லெச்சுமி."

அதற்காகத்தான் அந்தக் காமெரா. தோப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பாக்கர் விடுமுறையில் வரும்போது அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி. கம்ப்யூட்டர் இல்லாமலேயே இணையத்தில் படம் அனுப்பும், சத்தமும் அனுப்பும். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டி, நீல ஒயரைக் கூடத்து மோடம் வரை இழுத்து, வீரலட்சுமி செருகியும்விட்டாள். கூடத்துக் கம்ப்யூட்டரில் கட்டிலும் கிழவியும் பளிச்சென்று தெரிந்தார்கள். ஷார்ஜாவில்தான் தெரியவில்லை. வெளியிலிருந்து வருகிறவனை மோடம் வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த எண்ணுள்ள வாசலைத் தட்டினால் காமெராவிடம் அனுப்பு என்று அதற்குள் ஒரு விதி எழுத வேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் என்றாலும், இதைப் படித்ததில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை. மாமியார் தொடாத சோற்றுக் கிண்ணத்தை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து உட்காரும்போதே கைபேசி அடித்தது.

"விதியெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன் மச்சான். எட்டாயிரத்து எண்பது. காமெரா நம்பரும் சரி."

"அப்பறம் ஏன் திறக்க மாட்டேங்குது? மோடத்த ஒருக்கா அணைச்சுப் போடு."

அணைத்துப் போட்டாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. வெளியே மழை தென்னோலைகளில் இறங்கும் சத்தம் யாரோ பாயைச் சுருட்டி விரிப்பது போல ஓயாமல் கேட்டது. கூடத்தில் ஒரு வாடை. கரையில் ஒதுங்கிய பாசி நாள்பட்டு அழுகும் வாடை. தோப்புக்குள் நடந்தால் வரும், வீட்டுக்குள் இதுவரை வந்ததில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு மோடத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பொழுது சாயும் நேரத்தில்தான் பட்டது: மோடத்தை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அது காமெராவுக்குப் புது நம்பர் கொடுத்துவிடுகிறது. விதியோ பழைய நம்பருக்கே ஆளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. காமெராவின் நம்பர் மாறாதபடி நிலையாகப் போட்டாள். விதியைத் திருத்திச் சேமித்தாள். ஃபயர்வாலில் அந்த வாசலுக்கு வழிவிட்டாள்.

"இப்பப் பாருங்க."

மறுமுனையில் ஒரு விம்மல்.

"ஆத்தா... ஏ லெச்சுமி, ஆத்தா தெரியுது. எப்படி எளைச்சுப் போச்சு! மூச்சு விடுறதுகூடக் கேக்குது."

வீரலட்சுமிக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாலு வாரப் பாடு.

"நல்ல வேலை செஞ்ச புள்ள. தொணைக்கு ஆள் வச்சதும் நல்லதுதான். எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"எந்த ஆளு?"

"இந்தா, ஆத்தா பக்கத்துல உக்காந்திருக்கே, இந்தப் பொம்பள."

வீரலட்சுமி தன் எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். கட்டில். போர்வை. சுவரைப் பார்த்துக் கிடக்கும் கிழவி. வேறு யாருமில்லை.

இணையத்தில் எங்கோ நம்பர் புரண்டிருக்கிறது என்று தோன்றியது. வேறு யார் வீட்டுக் காமெராவோ திறந்திருக்கும்; படுக்கையில் கிடக்கிற கிழவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "இருங்க மச்சான்" என்று எழுந்து உள்ளறைக்குப் போனாள். கட்டில் தலைமாட்டில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்துக் காமெராவுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"என்ன தெரியுது?"

"நீதான் தெரியுற. ஆத்தாவோட செம்பு. பச்சைச் சேலை கட்டியிருக்க." அவன் சிரித்தான். "அந்தப் பொம்பள காலை மடக்கி ஒனக்கு வழி விட்டுச்சு பாரு, நல்ல மரியாதைக்காரி."

செம்பைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றாள். கட்டிலின் ஓரத்தில், அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, மெத்தை குழிந்திருந்தது.

"மச்சான்," குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "அது என்ன செய்யுது?"

"ஊட்டி விடுது. மடியிலருந்து அள்ளி அள்ளி ஊட்டுது. என்ன சோறு அது, கருப்பா இருக்கு? தலையெல்லாம் நனைஞ்சிருக்கே, மழையில வந்துச்சா?"

சோணையம்மாளின் வாய் திறந்தது. அவள் கண் முன்னால். யாரும் கரண்டி நீட்டவில்லை, யாரும் ஆ காட்டச் சொல்லவில்லை. வாய் திறந்தது, நிறைந்தது, மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. கீழுதட்டில் ஈர மணல் மின்னியது. கிழவியின் கண்கள் வீரலட்சுமியைப் பார்த்தன. அந்தக் கண்களில் நிறைவு இல்லை. மூழ்குகிறவர்களின் பார்வை.

வீரலட்சுமி கூடத்துக்கு ஓடிவந்து நாற்காலியில் விழுந்தாள். கைகள் தாமாக மௌஸைப் பிடித்தன. அவளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். வாசலைத் திறந்தபிறகுதானே இது தெரிந்தது? மூடிவிட்டால்? விதியைத் தேடி அழித்தாள்.

"ஏ லெச்சுமி! படம் போயிருச்சு!"

"நான்தான் மூடினேன். மச்சான், வீட்டுல யாரும் இல்ல. நான் ஆளே வைக்கல. எங்கண்ணுக்கு அங்கன யாருமே தெரியல."

உள்ளறையிலிருந்து கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஒருவர் எழுந்துகொள்ளும்போது கட்டில் விடுகிற பெருமூச்சு. பிறகு தரையில் சொத், சொத் என்று ஈரச் சத்தம். நின்றது.

"திற," என்றான் அவன். குரல் மாறியிருந்தது. "மூடாத. நான் பாக்கலேன்னா அது எங்கன நிக்குதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

விதியை மறுபடி எழுதினாள். ஒரு எண் தப்பிப் போனது. அழித்து எழுதினாள். சேமி. பச்சை விளக்கு துடித்தது.

"தெரியுதா?"

"தெரியுது. கட்டில்ல இல்ல. ரூம் வாசல்ல நிக்குது. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. கூடத்தப் பாத்து."

அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் அந்த வாசல். பாசி வாடை கழுத்தின் பின்புறம் குளிராகத் தொட்டது. திரும்பாதே என்று உடம்பு சொன்னது. திரும்பினாள். வெறும் நிலைப்படி. தரையில் தண்ணீர், சிறு குட்டையாக, ஓரத்திலிருந்து மெல்லப் பெருகிக்கொண்டு.

"ஆத்தாவத் தூக்கிட்டு வெளிய போ."

"வாசல்ல..."

"இப்ப நகந்துருச்சு. சுவத்தோரம் நிக்குது. போ புள்ள, போ!"

நிலைப்படியைத் தாண்டினாள். எதன் மீதும் படாமல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு தாண்டினாள். கைபேசியை இடுப்பில் செருகினாள். மாமியாரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தினமும் குளிப்பாட்டத் தூக்குகிற உடம்பு. எலும்பும் தோலுமாக, ஒரு கைப் பாரம் இருக்காது. இப்போது அசையவில்லை. நனைந்த மணல் மூட்டை போலக் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. மறுபடி முயன்றாள். முதுகு தெறித்தது. அசையவில்லை.

பாக்கர் வீட்டுக்கு ஓடினால் ஆள் வரும். தோப்பைத் தாண்டினால் வீடு. அவரும் அவர் மனைவி ஜுனைதாவும் இருப்பார்கள்.

"அத்த, இந்தா வந்துர்றேன். பாக்கர் அண்ணன கூட்டிக்கிட்டு வாரேன்."

சோணையம்மாளின் இடது கை எழுந்து அவள் முந்தானையைப் பற்றியது. அந்தக் கைக்கு அத்தனை வலு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வீரலட்சுமி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிரித்த விரல் மறுபடி பற்றியது. அழுதுகொண்டே பிரித்தாள். கிழவியின் தொண்டையிலிருந்து, மூன்று மாதமாகப் பேசாத தொண்டையிலிருந்து, மணல் அரைபடுவது போல ஒரு சத்தம் வந்தது. போகாதே என்று இருக்கலாம்.

ஓடினாள்.

வாசல் கதவு திறந்தபடி கிடந்தது. மழை தூறலாகியிருந்தது. தோப்புக்குள் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு காற்றில் அறுந்து அறுந்து வந்தது. சேற்றில் கால் புதைந்தது. கைபேசியைக் காதில் வைத்தாள்.

"மச்சான், ஜுனைதா லாத்தா வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன். ஆத்தா எப்படி இருக்கு? அது எங்கன நிக்குது?"

"போயிருச்சு," என்றான் வீரபத்திரன். நெஞ்சை அடைத்திருந்தது இறங்கியவன் போல நீளமாக மூச்சு விட்டான். "அப்பாடா! நீ ரூமுக்குள்ள திரும்பி வந்த ஒடனே போயிருச்சு."

அவள் நின்றுவிட்டாள்.

"நான் வரல மச்சான். தோப்புக்குள்ள நிக்கிறேன்."

அவன் கேட்டதாகத் தெரியவில்லை. "நல்ல நேரத்துல வந்த. அப்படியே ஆத்தா பக்கத்துல உக்காந்துக்க. தலையத் தொவட்டு, நனைஞ்சு வந்திருக்க." பிறகு, வேறு யாருக்கோ பதில் சொல்லும் குரலில், கனிவாக: "ஆமா புள்ள. கேக்குது. சொல்லு."

"மச்சான்! அது நான் இல்ல. அது நான் இல்ல!"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறான் போல, அவன் குரல் தள்ளிக் கேட்டது.

"யாரு பேசுறது?"

"நான்தான்... லெச்சுமி..."

"எம் பொஞ்சாதி எங் கண்ணு முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டிருக்கா. அவ கையில போனே இல்ல." அவன் குரல் நடுங்கியது. அவளுக்குப் பயந்து நடுங்கியது. "ஏய், யாரு நீ? எங்க வீட்டு வாசல்ல நின்னியே, அதுவா நீ? எங்க ஆத்தாகிட்ட வராத. வீட்டுப் பக்கமே வராத!"

இணைப்பு அறுந்தது. அவள் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். வெட்டிவிட்டான்.

தென்னைகளுக்கிடையே வீடு தெரிந்தது. திறந்த வாசலில் கூடத்து வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் ஒருத்தி நடந்து வந்தாள். பச்சைச் சேலை. இடது தோளை லேசாகச் சாய்த்து நடக்கும் நடை. அது தன்னுடைய நடை என்று வீரலட்சுமிக்குத் தெரியும். வந்தவள் ஈரத் தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கையை நீட்டி வாசல் விளக்கைப் போட்டாள். இருட்டில் நிற்பவளை ஒரு கணம் பார்த்தாள்.

பிறகு கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.