கீழே ஒரு பெரியவர்

பிளம்பர் ரே கோவாலிக் வேனை நிறுத்தியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. பிட்ஸ்பர்க்கின் அந்தச் சரிவுத் தெருவில் வண்டி உருளாமல் நிற்பதே பெரிய விஷயம். சக்கரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியோடு வாசலுக்கு வந்தார்.

"நீதான் தேக்நாத்தா? மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? நான் என்ன பல்லா புடுங்கப் போறேன், கலர் ஊத்தத்தான் வந்திருக்கேன்."

தேக்நாத் சிரிக்க முயன்றான். வரவில்லை.

அந்த ஊரில் வீட்டை விற்கவேண்டுமென்றால் இந்தச் சோதனை நடந்தாகவேண்டும். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் பச்சைச் சாயத்தை ஊற்றுவார்கள். பிறகு தெருவில் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே பச்சை தெரிந்தால் மழைத்தண்ணீர் கழிவுநீரோடு கலக்கிறது என்று பொருள். நகராட்சி சான்றிதழ் தராது. சான்றிதழ் இல்லாமல் வீடு கைமாறாது.

கைமாறியே தீரவேண்டும். அப்பா இறந்துபோன பிப்ரவரியிலிருந்து தேக்நாத்தும் அவன் மனைவி மன்மாயாவும் அந்த வீட்டில் விளக்கை அணைத்துத் தூங்கியதில்லை. ஒகையோவில் வேறு வீடு பார்த்தாயிற்று. நிலவறையே இல்லாத வீடாகப் பார்த்து முடித்திருந்தான்.

ரே சாயத்தை ஊற்றினார். தெருவில் மூடியை நெம்பித் திறந்து, டார்ச் அடித்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி கண்ணாடியாட்டம் போகுது. தப்பிச்ச. கீழ சுவர்ல கசிவு கிசிவு இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு கையெழுத்தப் போட்டுடறேன்."

"கீழ ஒண்ணும் இல்ல சார். வெறும் பழைய சாமான்."

"ஒத்த டாய்லெட் ஒண்ணு இருக்குமே, நட்ட நடுவுல, சுவரே இல்லாம? இந்த ஊர்ல பழைய வீடுன்னா எல்லாத்துலயும் உண்டு. இரும்பு ஆலைல வேல பாத்தவன் கரியோட மேல வரக்கூடாதுன்னு கட்டினது. எங்கப்பன் ஞாயித்துக்கிழம பேப்பர அதுலதான் உக்காந்து படிப்பான். நாங்க பக்கத்துலயே கோலி ஆடுவோம். வெக்கம் மானம் ஒண்ணும் கெடையாது!"

சிரித்துக்கொண்டே படியில் இறங்கினார்.

உடனே மேலே வந்தார்.

தொப்பி கையில் இருந்தது. முகம் காது வரை சிவந்திருந்தது.

"தம்பி... ஆள் இருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"என்ன சார்?"

"நான் பாட்டுக்கு தடதடன்னு எறங்கிட்டேன். பெரியவர் உக்காந்திருக்கார். கதவும் இல்ல, திரையும் இல்ல. என்னப் பாத்ததும், பாவம், ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டார்."

மன்மாயா கையிலிருந்த தேநீர்த் தட்டை மேஜையில் வைத்தாள்.

"உங்கப்பாவா?" என்றார் ரே.

தேக்நாத் நிலவறைப் படியைப் பார்த்தான்.

"ஆமா."

"சரி, முடிக்கட்டும். அவசரம் இல்ல." ரே குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அவர் காலு ரெண்டும் முழங்கால் வரைக்கும் பச்சையா இருக்கு. நான் ஊத்தின சாயம் கீழ எங்கயோ கசியுது போல. அப்படி இருந்தா ஃபெயிலுதான்."

மூவரும் சமையலறையில் காத்து நின்றார்கள்.

கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அந்தச் செருமலை தேக்நாத்துக்குத் தெரியும். பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு நேபாள முகாமில் கிடந்த காலத்தில், கழிப்பறையின் மூங்கில் தட்டி மறைப்புக்குள் இருந்துகொண்டு, வெளியே காலடி கேட்டால் அப்பா, அவனுடைய புவா, அப்படித்தான் செருமுவார். ஆள் இருக்கிறது, வராதே என்று அர்த்தம்.

முகாமில் தட்டியாவது இருந்தது.

இங்கே வந்து வயதாகி, ராத்திரியில் அடக்க முடியாமல் போய், நடைக் கம்பளத்தை இரண்டு மூன்று முறை நனைத்துவிட்டார். வந்த விருந்தாளிகள் மூக்கைச் சுளித்தார்கள். கட்டிலைக் கீழே, அந்த டாய்லெட்டுக்குப் பக்கத்தில் போட்டது மன்மாயா அல்ல. தேக்நாத்தான். 'சிமெண்ட் தரை, கழுவி விட்டா ஆச்சு' என்று சொன்னதும் அவன்தான். புவா மறுபேச்சுப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு திரை மட்டும் கட்டிக் குடு பாபு. கூச்சமா இருக்கு."

துணி வாங்கினான். அடுத்த வாரம் கட்டலாம் என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். அவன் துணி துவைக்க இறங்கும்போதெல்லாம் புவா செருமுவார். இவன் நிற்காமல் இறங்கிவிடுவான்.

ஒரு விடியற்காலை, அந்த டாய்லெட்டிலேயே, குழாயில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விறைத்திருந்தார். தேக்நாத் அவரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தான். வெயில் விழும் அறையில் நல்ல மெத்தையில் கிடத்தி, வேட்டி மாற்றி, மூடிய வாயில் துளசித் தண்ணீரை ஊற்றினான். அது கன்னத்தில் வழிந்தது. அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் போன் செய்தான். பதின்மூன்றாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் அவன் முதுகைத் தட்டிச் சொன்னார்கள்: "புள்ளன்னா இப்படி இருக்கணும்."

இன்றுவரை அவன் அதை மறுத்ததில்லை.

மன்மாயா அலமாரியைத் திறந்தாள். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத பூப்போட்ட துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தேக்நாத் இறங்கினான்.

ஈரமும் டெட்டாலும் கலந்த வாடை. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம். நடுவில் அந்த வெள்ளைப் பீங்கான், மேலே யாரும் இல்லை. குழாய்களுக்கு நடுவே கயிறு கட்டினான். துணியைக் கயிற்றின் மேல் பாதி தூரம் இழுத்துவிட்டான்.

"புவா. திரை."

திரும்பி முதல் படியில் கால் வைத்தான்.

பின்னால் கயிறு முனகியது.

திரும்பிப் பார்த்தான். துணி மெல்ல, மிக மெல்ல, தானே நகர்ந்து மறுமுனை வரை மூடிக்கொண்டிருந்தது.

கீழ் ஓரத்துக்கு அடியில் இரண்டு பாதங்கள். பச்சையாக.

எப்படி மேலே வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. அவனுக்குப் பிறகு இறங்கிய ரே, சீட்டியடித்துக்கொண்டே வந்தார். "காஞ்சு கெடக்கு தம்பி, ஒரு சொட்டு கசிவு இல்ல. அப்பா பின்கதவு வழியா தோட்டத்துக்குப் போயிட்டாரா? ஆளக் காணோம்." மேஜையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஒகையோவுக்கு அவரும் வர்றாருல்ல?"

மன்மாயா வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

இல்லை என்று சொன்னால் அவரை இரண்டாம் முறையாகக் கீழே விட்டுவிட்டுப் போவதாகும்.

"வர்றார் சார்."

"நல்ல புள்ள." ரே அவன் முதுகைத் தட்டினார்.

திரையை அவர்கள் கழற்றவில்லை. அப்படியே விட்டுவிட்டு வண்டி ஏறினார்கள்.

ஒகையோ வீட்டில் முதல் மாலை. சமையலறையில் இருவரும் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரப் பெட்டியின் மேலாக அந்தப் பூப்போட்ட துணி நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பச்சையாக ஐந்து விரல் தடம். தொட்டால் ஈரம்.

நடையில் பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. தேக்நாத் பிடியைத் திருகினான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"ஒடச்சுப் பாக்கலாமாங்க?" மன்மாயா கிசுகிசுத்தாள்.

"வேணாம். முடிக்கட்டும்."

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். இந்த முறை அவசரமே இல்லாமல்.