சுவரோரப் புல்

சுவரில் ஈரம் ஏறினால் முதலில் மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அவளும் அதைத்தான் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் மண்டியிட்டு, மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்குள் கையை விட்டுச் சருகுகளை அள்ளிப் போட்டாள். அடைப்பு இல்லை. தளத்தில் விரிசலும் இல்லை. அப்படியானால் தண்ணீர் மேலிருந்து வரவில்லை… எழுந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுப் புல்தரையில் ஒருவன் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். தண்ணீர் புல்லில் விழுந்து, நேரே அவள் வீட்டுச் சுவரடிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் இருக்கிறார், கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுப்பவர் என்று கேள்விப்பட்டதோடு சரி. கோடைக்காலத்தில் ஏசி மெக்கானிக்கான அவளுக்குக் குளிக்கவே நேரம் கிடைப்பதில்லை, அக்கம்பக்கம் பார்க்க ஏது நேரம்?

“கண்ணாடிக் கடை சார்…” என்று கூப்பிட்டாள்.

அவன் அண்ணாந்தான். வெயில் முகத்தில் அடித்து ஒரு கண் சுருங்கியது. மற்றக் கண் மட்டும் அகலமாக, தேன் நிறத்தில், அவளையே பார்த்தது. என்ன கண்ணோ… ஒரு நொடி சொல்ல வந்தது மறந்துவிட்டது அவளுக்கு. அப்புறம் அம்மாவின் இருமல் நினைவுக்கு வந்தது.

“ஊர்ல எல்லார் கண்ணையும் பார்க்கறீங்க. உங்க தண்ணி எங்க சுவத்துக்குள்ள போறது மட்டும் தெரியலையா?”

“மாடியில ஆள் நிக்கறதே இப்பத்தாங்க தெரியுது,” என்றான் அவன். குழாயை மூடிவிட்டுத்தான் சொன்னான்.

அவள் வீட்டுப் பக்கச் சுவரேதான் இரண்டு மனைக்கும் எல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவின் படுக்கையறை, அந்தப் பக்கம் அவன் வீட்டுப் புல். வந்து பாருங்கள் என்று அவள் சொல்ல, அவன் ஈரக்காலோடு வாசலில் தயங்கி, துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் அப்பளம்போல உப்பியிருந்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. கட்டிலில் அம்மா தலையணைமேல் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சுவர் ஓரம் புல் வளர்க்கிறவர்கள் மண்ணைச் சரிவாகப் போட வேண்டும், சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்கவே கூடாது என்று இவள் நீட்டி முழக்கினாள். அவன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், அம்மாவை ஒரு தரம் பார்த்தான், சரிங்க என்று போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு கடப்பாரைச் சத்தம் கேட்டு அவள் மாடிக்கு ஓடினாள். சுவர் நெடுக இரண்டடி அகலத்துக்குப் புல்லைப் பெயர்த்து எறிந்திருந்தான். பள்ளத்தில் கருங்கல் சல்லியைக் கொட்டி, தண்ணீர் தெருப்பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி துடைக்கிற கை… கொப்புளம் போட்டிருந்தது.

இவ்வளவு செய்வான் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. அன்று மாலை, கொப்புளத்துக்கு மருந்து கொடுத்தனுப்பலாமா என்று யோசித்து, யோசித்து, கடைசியில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அப்படித்தான் பேச்சு வளர்ந்தது. காலையில் அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வருவாள். தொட்டி அந்த மாதம் ஏனோ தினமும் பார்க்க வேண்டியதாக இருந்தது. அவன் கீழே புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டிருப்பான். தினமும் தெளித்தால் புல்லின் வேர் சோம்பேறியாகி மேலேயே படுத்துவிடுமாம், வாரம் இரண்டு நாள், விடியற்காலையில், ஆழமாக இறங்குகிற மாதிரி ஊற்றினால் போதுமாம் என்று படித்துவிட்டு வந்து சொல்வான். வெயில் காலத்தில் ஒட்ட வெட்டாதீர்கள், புல் தானே தன் வேருக்கு நிழல் என்பான். அவள் பதிலுக்கு, கடை ஏசியின் வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவச் சொல்வாள். கழுவினேன் என்று அவன் சொன்னால் நம்ப மாட்டாள். ஒருநாள் கடைக்கே போய்க் கழற்றிப் பார்த்தாள். பஞ்சு மெத்தை தைக்கிற அளவுக்குத் தூசி இருந்தது.

“இதுதான் கழுவினதா?”

“உங்களை வரவழைக்க வேற வழி தெரியலைங்க,” என்றான் அவன், லென்ஸைத் துடைத்தபடி, நிமிராமல்.

அவள் நட்டை ஒரு சுற்று அதிகமாகவே முறுக்கிவிட்டாள்.

ஆனால் சுவர் காயவில்லை. ஒரு மாதம் ஆகும் என்று தானே அம்மாவிடம் சொன்னவள், ஆறு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பூஞ்சை கட்டில் கால்வரை வந்துவிட்டது. அம்மாவுக்கு ராத்தூக்கம் போயிற்று. ஒருவேளை நாம் இல்லாதபோது தண்ணீர் விடுகிறானோ… அப்படி நினைத்தபோதே நெஞ்சு வலித்தது. ஆனாலும், ஒரு நண்பகல், வேலைக்கு நடுவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

சல்லி காய்ந்து சுட்டுக்கொண்டிருந்தது. குழாய் சுருட்டி மாட்டியிருந்தது. வாசலில் அவன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வெறுமனே தெருவைப் பார்த்தபடி. அவரை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. வலது காலை முன்னால் நீட்டி வைத்திருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்து கை சரியாகிவிட்டது, கால் மட்டும் இன்னும் சரியாகவில்லை என்று அவராகவே சொன்னார். வெறுங்காலோடு புல்லில் நடந்தால் பாதத்துக்கு உணர்ச்சி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தினமும் இருபது நடை நடந்துகொண்டிருந்தாராம்.

“இப்ப நடக்கறதில்லையா ஐயா?”

“பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையேம்மா. உங்க வீட்டுச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பேன். இப்ப நடுவுல சல்லி. மத்த பக்கமெல்லாம் கம்பி வேலி.” அதில் குறை எதுவும் தொனிக்கவில்லை. “வீட்டுக்குள்ள டைல்ஸ் வழுக்குது. ஒரு தரம் விழுந்துட்டேன், அதுக்கப்புறம் பயம் வந்துடுச்சு.”

அவள் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அந்த வாரம் பெரியம்மா வந்து, இந்த ஈரத்தில் இருந்தால் உன் மூச்சு நின்றுவிடும் என்று திட்டி, அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஐந்து நாள் அந்த அறை பூட்டிக் கிடந்தது. ஆறாம் நாள் திறந்தபோது சுவர் வெளுத்திருந்தது. தொட்டால் கையில் சுண்ணாம்பு பொடியாக ஒட்டியது.

சல்லி போட்டு ஏழு வாரத்தில் காயாத சுவர், ஐந்து நாளில் எப்படிக் காய்ந்தது? அறையில் என்ன மாறியது? அம்மா இல்லை. அம்மா இல்லாததால்… ஏசி ஓடவில்லை.

ஏணியைப் போட்டு, ஏசியின் தண்ணீர்த் தட்டில் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து காத்திருந்தாள். அரை மணி நேரத்தில், சுவரின் அடியில், உள்ளங்கை அளவுக்கு ஈரம் கறுத்தது. உளியை எடுத்துக் கொத்தினாள். வெளிப்பக்கம் அடுத்தவர் நிலம் என்பதால், தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள்ளேயே புதைத்துப் பின்பக்கச் சாக்கடைக்குக் கொண்டுபோயிருந்தாள். புதைத்தது அவள் கைதான். குடிவந்த அன்று, அம்மா வெக்கையில் தவிக்கிறாளே என்று அவசர அவசரமாக. அடி வளைவில் பசை போடாமல் வெறுமனே செருகி, மேலே பூசியிருந்தாள். புழுக்கமான நாளில் ஏசி ஒரு குடம் தண்ணீர் இறக்கும். அத்தனையும் ஐந்து மாதமாகச் சுவருக்குள்… நாள் தவறாமல்…

வேலைக்குப் போனால் வீட்டுக்கு வீடு, ஆம்பளை யாரும் வரலையா என்று கேட்கிறவர்கள். அவர்களுக்கெல்லாம் வேலையால் பதில் சொல்லி வந்தவள் அவள். சொந்த அம்மாவின் அறையில், ஒரு சொட்டுப் பசை…

வளைவை மாற்றி, பசை போட்டு, இரண்டு தரம் தண்ணீர் விட்டுப் பார்த்து மூடினாள். திரும்பி வந்த அம்மாவிடம் மட்டும் சொன்னாள். “பூசியாச்சுல்ல. விடுடி. யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் அம்மா.

முதல் நாள் அவள் மாடிக்குப் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பருவத்தின் முதல் மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். கீழே அவன், முன்வாசலில் நனைந்துகொண்டே, மழைத்தண்ணீர் சல்லி வழியாக ஒழுங்காக ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் இமையில் மழை சொட்டியது.

“சுவர் எப்படிங்க இருக்கு?”

“காஞ்சிடுச்சு,” என்றாள் அவள்.

அவன் முகம் மலர்ந்த விதம்… “அப்போ தோண்டினது வீண் போகலை,” என்றான்.

அன்றிரவு சோறு இறங்கவில்லை அவளுக்கு. மறுநாள் காலை, உடைத்தெடுத்த பழைய வளைவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அப்பாவும் மகனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னாள். தப்பு என்னுது. உங்க தண்ணியால எங்க சுவர் ஈரமாகலை. நான் ஒட்டாம விட்ட குழாய். நாலு நாளா தெரியும், நேத்து மழையில பொய் சொன்னேன்.

அவன் அந்த வளைவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை.

“அப்பா ரெண்டு மாசமா நடக்கலைங்க,” என்றான். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

பெரியவர்தான் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நீங்கள் என் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை உங்கள் மகன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் தோண்டச் சொல்லியிருக்க மாட்டேனே என்றாள்.

“நான் சொல்லச் சொன்னேம்மா. அவன்தான் வேண்டாம்னான். உங்க அம்மா இருமறது ராத்திரி எங்க ஜன்னலுக்குக் கேக்கும். முதல்ல அது நிக்கட்டும்ப்பா, உங்களை நான் பிடிச்சுக்கறேன்னான். பாவம், கடைக்குப் போற அவசரத்துல எத்தனை நாள் பிடிக்க முடியும்?”

அவள் அப்போது அழுதாள். அழுது முடித்துவிட்டு, மேல்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். எழுந்து நில்லுங்க ஐயா, கையை வசதியா வையுங்க என்று அவர் கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்துகொண்டாள்.

அடுத்த மூன்று நாள் வெளிவேலை எதுவும் எடுக்கவில்லை. தன் வீட்டுச் சுவரின் வெளிப்பக்கம் துளை போட்டு, துருப்பிடிக்காத குழாயைக் கைப்பிடியாக நெடுக மாட்டினாள். சுவரிலிருந்து தள்ளி நிற்கும் தாங்கிகளாகப் பார்த்துப் போட்டாள், சல்லியைத் தாண்டிப் புல்லில் நின்றே பிடிக்கிற மாதிரி. முனைகளை உரசி வழவழப்பாக்கினாள். தன் முழுப் பலத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அவன் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே நடந்தான். மூன்றாம் நாள் மட்டும், அவள் வெயிலில் நின்ற இடத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

நாலாம் நாள் காலை பெரியவர் செருப்பைக் கழற்றினார். கைப்பிடியைப் பிடித்தார். முதல் நடையில் நாலு இடத்தில் நின்றார், இரண்டாம் நடையில் இரண்டே இடத்தில். மகன் கூடவே, தொடாமல், கையை மட்டும் நீட்டிக்கொண்டு போனான். ஆறாவது நடையில் அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஒரு நாளைக்கு முப்பது பேர் கண்ணைப் பார்க்கிறவன்… இந்தக் கண்களை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

பத்து நாள் கழித்து அவளுக்கு ஒரு போன் வந்தது. புது ஏசி போட வேண்டும், அறையை வந்து பார்க்க முடியுமா என்று. குரல் தெரிந்ததுதான். தெரியாததுபோலவே முகவரி கேட்டாள். அவனும் சொன்னான், கதவு எண் உட்பட.

மாடியறை, மேற்குப் பார்த்த ஜன்னல். வேலை வேலையாகவே இருக்கட்டும் என்று அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். வெயில் எந்தப் பக்கம் விழும், மேலே தளமா கூரையா, கம்ப்யூட்டர் மாதிரிச் சூடாகிற சாமான் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். அவனும் வரிசையாகச் சொன்னான்.

“எத்தனை பேர் இருக்கிற ரூம்?”

அவன் ஜன்னல் கொக்கியைப் போட்டு எடுத்தான்.

“இப்போதைக்கு ஒருத்தர்.”

“இப்போதைக்குன்னு எழுத முடியாதுங்க. ஆள் கணக்குத் தப்பாப் போட்டா மெஷின் திணறும். சரியா சொல்லுங்க.”

“சரியா சொல்லத்தான் பத்து நாளா பார்க்கறேன்,” என்றான் அவன். காது சிவந்திருந்தது. “அன்னிக்குக் கோவம் வந்தது நிஜம். ஆனா, யாருக்கும் தெரியாத தப்பை எடுத்துக்கிட்டு வந்து எங்க அப்பா முன்னாடி நின்னீங்களே… அதுக்கப்புறம் எனக்கு வேற நினைப்பே இல்லைங்க. உங்களைப் பிடிச்சிருக்கு. இந்த ரூம்ல நீங்களும் இருக்கணும்னு ஆசை. எத்தனை பேர்னு நீங்களே எழுதிக்குங்க.”

அவள் பேனாவைக் குறிப்பேட்டில் வைத்தாள்.

‘இரண்டு’ என்று எழுதினாள். எழுத்தில்தான் எழுதினாள், எண்ணில் அல்ல.

“சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து எங்க அம்மாகிட்ட கேளுங்க,” என்றாள், குறிப்பேட்டை விட்டுப் பார்வையை எடுக்காமல். “எனக்குச் சம்மதம்னு நான் முன்னாடியே சொல்லி வைக்கறேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அளவு நாடாவை இழுத்து, அதன் முனையை அவன் கையில் கொடுத்தாள்.

“பிடிங்க. அகலம் இன்னும் எடுக்கலை.”

அவன் பிடித்துக்கொண்டான். அவள் எதிர்ச் சுவரை நோக்கி நடந்தாள்.