ஆறாவது இடத்தில் ஒரு சின்ன இசை

காலை 10.20.

வெளிவர இன்னும் ஒன்பது நாள் இருந்த பாட்டு, ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த தையல்கடையில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கிய இசையமைப்பாளர் அப்படியே நின்றுவிட்டார். மூன்று வருஷ உழைப்பு. தையல்காரர் வேறு வாயெல்லாம் பல்லாகக் கையாட்டினார்.

"சார், பாட்டு பிரமாதம்! நேத்தே டவுன்லோட் பண்ணிட்டேன்!"

11.15.

சைபர் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஸ்டுடியோவுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. சுற்றிவளைக்கத் தெரியாதவர். இசையமைப்பாளர் எழுதிய புகார் ஏற்கெனவே தயாராக இருந்தது; கையெழுத்துதான் பாக்கி. அதில் குற்றவாளியாக ஒலிப்பதிவு இன்ஜினியர் பெண்ணின் பெயர். அவள் மூலையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் இனி எந்த ஸ்டுடியோவும் அவளை உள்ளே விடாது.

"ஏன் இந்தப் பொண்ணு?"

"ஆல்பம் முழுக்க இவ கம்ப்யூட்டர்லதான் இருக்கு," என்றார் இசையமைப்பாளர். " திங்கள்கிழமை மதியம் 1.10க்கு பென்டிரைவ்ல காப்பி ஆகியிருக்கு."

"அப்ப வேற யார் இருந்தாங்க?"

"புல்லாங்குழல்காரர் இருந்தார். வரவேற்பறையில என் அண்ணன். கேசட் பதிவுக் கடை வெச்சிருந்தவர், மெயில்கூட அனுப்பத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவர் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

விசாரணை ஆரம்பமானது. முதலில் புல்லாங்குழல்காரர்.

"ஒரே வரியைப் பதினேழு தடவை ஊதினேன் மேடம். அதை நானே சும்மா தூக்கிக் கொடுப்பேனா?"

அடுத்து இன்ஜினியர்.

"1.10க்கு எங்க இருந்தே?"

"சாப்பிடப் போயிட்டேன். கம்ப்யூட்டரை மூடாம போனது தப்புதான்."

"திருட்டுப் பாட்டு டவுன்லோட் பண்ணினதே இல்லையா?"

"காலேஜ்ல ஆயிரம் பண்ணியிருக்கேன்." அவள் மறைக்கவில்லை. "இந்த நாற்காலிக்கு வந்தப்புறம் ஒண்ணுகூட இல்ல. அவர் பதினேழு தடவை ஊதினதை எதிர்ல இருந்து கேட்டவ நான்."

12.05.

இன்ஸ்பெக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இணையத்தில் வந்த பட்டியலை ஸ்டுடியோப் பட்டியலோடு ஒப்பிட்டார். பத்துப் பாட்டு, ஒன்றரை நிமிஷ முகப்பு இசை ஒன்று. பெயர்களில் மாற்றமில்லை. எண்கள்தான் மாறியிருந்தன. ஸ்டுடியோவில் முதலில் இருந்த முகப்பு இசை, இங்கே ஆறாவது இடத்துக்குப் போயிருந்தது.

ஐந்தாவது பாட்டு முடிந்தது. அந்தச் சின்ன இசை தொடங்கியதும் அவருக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. பதினைந்து வயதில், பிடித்த பாட்டுகளை நோட்டுத்தாளில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் தவம் கிடந்தது. கேசட் கைக்கு வந்ததும் வீடு வரை ஓடியது. ஒரு பக்கம் முடிந்தால் எழுந்துபோய்த் திருப்பிப் போட்டது. அந்தச் சந்தோஷம் இப்போது எந்த போனிலும் கிடைப்பதில்லை. ஹெட்போனைக் கழற்ற அவருக்கு மனசே வரவில்லை.

12.40.

எல்லோரையும் கூப்பிட்டார்.

"இந்தக் காலத்துத் திருடன் பாட்டை இருக்கிற வரிசையிலயே எடுத்துப் போட்டுடுவான். இங்க ஒருத்தர் மெனக்கெட்டு வரிசையை மாத்தியிருக்கார். முதல் அஞ்சு பாட்டு இருபத்தெட்டு நிமிஷம். கேசட்ல ஒரு பக்கம் முப்பது. மிச்ச டேப்பை வெறுமையா விட்டா வாடிக்கையாளர் கோவிச்சுக்குவாங்க, அதனால கடைக்காரர் அங்க ஒரு சின்ன இசையைப் போட்டு நிரப்புவார். அடுத்த அஞ்சு பாட்டு மறுபக்கம். கேசட்டே இல்லாத காலத்துலயும் இவர் கை பழக்கத்தை விடல." அவர் திரும்பினார். "என்ன அண்ணே, நான் சொல்றது சரிதானே?"

அண்ணன் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"காப்பி எடுக்கப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டேன்மா. கடைக்கு வந்துட்டிருந்தவங்க நாப்பது பேர், போன்ல ஒரு குரூப் வெச்சிருக்கோம். புதுப் பாட்டு முதல்ல நம்ம கடையிலதான்னு ஒரு காலத்துல பேரு. தம்பி பாட்டு வருதே, நானே முதல்ல கொடுக்கணும்னு ஆசை. அவங்கள்ல எவனோ ஊருக்கே விட்டுட்டான்."

"இந்தப் பொண்ணு மேல பழி வந்தப்ப ஏன் பேசல?"

"பயம்." அவர் தலை நிமிரவில்லை. "இருபது வருஷம் எத்தனை பேர் பாட்டை, அவங்களை ஒரு வார்த்தை கேக்காம பதிஞ்சு கொடுத்தேன். அந்தக் கடையில உக்காந்துதான் இவன் ஸ்வரமே கத்துக்கிட்டான். திருட்டுன்னு ஒருநாள்கூட தோணல. காலைல இவன் முகத்தைப் பார்த்தப்பதான் தோணிச்சு."

இசையமைப்பாளர் புகாரை இழுத்து, இன்ஜினியரின் பெயரை அடித்தார். அந்த இடத்தில் அண்ணன் பெயரை எழுதப் பேனா நகரவில்லை.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அண்ணன் பேரை எழுத உங்களுக்குக் கை வரல சார். என் பேரை எழுதினப்ப ஒரு நொடிகூட நிக்கலையே."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அண்ணன் தம்பி கையிலிருந்த பேனாவை வாங்கி, தன் பெயரைத் தானே எழுதினார். கீழே தம்பி கையெழுத்துப் போட்டார்.