காற்று நின்ற பள்ளம்

அழுகிய முட்டை வாடை சட்டென்று நின்றுபோனது. புரோகோர் எடுத்த காலை வைக்காமல் நின்றான். ரஷ்யாவின் கம்சாத்காவில், இந்த வனவிலங்குக் காப்பகத்தில் பதினாறு வருடமாகக் காவலனாக இருப்பவனுக்கு அது நாற்றமல்ல, துணை. மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை, நின்றுவிட்டால் மூக்கு செத்துவிட்டது என்று பொருள், அடுத்தது ஆள்தான். கீழே ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றுகள் உலைபோலக் கொதித்துப் பீறிடும் ஓசையும், ஈரப் பாசியில் பூட்ஸ் அமுங்கும் சளசளப்பும், நடுப்பகல் வெயிலில் பனி உருகிச் சொட்டும் சத்தமும் கேட்டபடிதான் இருந்தன. காற்றுதான் இல்லை.

எதிரே பள்ளம். எரிமலையின் விஷவாயு அதன் அடியில் தேங்கும். முதலில் ஒரு குருவி சாகும். அதைத் தின்ன நரி வரும், நரியைத் தின்னக் கரடி வரும். விளிம்பில் நின்று கொக்கிக் கயிறு வீசிச் செத்ததையெல்லாம் மேலே இழுத்துப் போடுவது காவலர்களின் வேலை. போன வருடம் ஒரு கரடியின் காலில் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று இறங்கிய யெலிசெய் மேலே வரவில்லை.

இன்று ஒரு நரியை இழுக்கப் புரோகோருடன் வந்திருப்பவன் யெலிசெயின் தம்பி மகார். புரோகோரை எல்லோரையும்போல அவனும் புரோஷா என்றுதான் கூப்பிடுவான்.

"புரோஷா அண்ணே, எங்கண்ணன் உங்கள ஒரு தடவகூடக் கூப்பிடலையா?"

"கூப்பிடலடா. நான் ஊத்துப் பக்கம் போயிருந்தேன். எத்தன தடவதான் கேப்ப?"

பொய். அன்று புரோகோர் இதே விளிம்பில்தான் நின்றிருந்தான். யெலிசெய் மூன்று முறை கூப்பிட்டான். கயிறு கையில் இருந்தும் புரோகோர் வீசவில்லை, ஓடினான். அடக்கத்தன்று யெலிசெயின் மனைவி இவன் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு அவன் யார் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. அவ்வளவு கேவலமாக இருந்தது.

பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

"புரோஷா... கயிறப் போடுடா."

மகாரின் முகம் வெளுத்தது. "அண்ணே, அது எங்கண்ணன் குரல்!"

'அது அவனில்லை. அன்றைக்கு அவன் கூப்பிட்டதை நான் கேட்டேன், அதே வார்த்தையைத்தான் பள்ளம் திருப்பிச் சொல்கிறது.' இதைச் சொன்னால் போதும், மகார் நின்றுவிடுவான். புரோகோர் வாயைத் திறந்தான். வெட்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

மகார் இறங்கினான்.

பத்தடி. முழங்கால் மடங்கியது. நரியின் பக்கத்தில் குப்புற விழுந்தான். அசைவில்லை.

முகம் மண்ணில் புதைந்தபடியே கூப்பிட்டான். "அண்ணே... வாங்கண்ணே."

புரோகோரின் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. முகாமில் சமைக்கும் கிளாஃபிரா.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு புரோஷா, பதறாத. நானும் எம்பொண்ணும் கயித்தோட கெளம்பிட்டோம்."

அவன் பொத்தானைத் தொடவேயில்லை.

வராதே என்றால் ஏன் என்று கேட்பாள். கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தான். அழுத்தவில்லை.

கீழே மூன்றாவதாக ஒரு குரல். புரோகோருடையது.

"சீக்கிரம் வா கிளாஃபிரா. பொண்ணையும் கூட்டிட்டு வா. ஒண்ணும் பயமில்ல."

விளிம்பில் நின்றிருந்தவனின் வாய் மூடியே இருந்தது.