அப்பா பேசுவார்

சனிக்கிழமை காலை, கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்து மேல்மாடியில் பிரதீபன் பால் விடாத பிளேன்ரீயைக் குடித்து முடிப்பதற்குள் வில்லங்கம் படியேறி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் நிசாந்தினி டீச்சர். கையில் இரண்டு கோப்புகள், முகத்தில் இரவு நித்திரை கொள்ளாத களை.

அவருடைய உயர்தர ஊடகப் பாட மாணவர்கள் ஆளுக்கொரு படத்தின் தொடக்கக் காட்சியை எடுக்க வேண்டும். இரண்டே நிமிடம்தான். ஆனால் யாருக்காக எடுக்கிறோம், எங்கே எடுக்கிறோம், ஒவ்வொரு காட்சியும் எப்படி வரும் என்று முதலில் ஆராய்ந்து, எழுதி, வரைந்து கொடுக்க வேண்டும். அந்தத் திட்டம் தேறினால்தான் பள்ளிக்கூடத்துக் கமெரா கைக்கு வரும். திட்டங்களுக்குப் புள்ளி போட முல்லைத்தீவிலிருந்து றினோஸா டீச்சர் வந்திருந்தார். உதவிக்கு வந்த பிரதீபன் தொழிலுக்குப் புதுசு. அவனுக்குப் புள்ளி போடுவதைவிடக் கள்ளனைப் பிடிப்பதில்தான் பெரிய ஆசை.

"ரெண்டும் சொல்லுக்குச் சொல் ஒண்டு டீச்சர்," என்றார் நிசாந்தினி, றினோஸாவிடம். "ஆர் ஆரைப் பாத்து எழுதினதெண்டு தெரியேல்லை. பள்ளிக்கூட அதிபர் என்னை நல்லாப் பேசிப்போட்டார். பின்னேரத்துக்குள்ள கண்டுபிடிக்காட்டி ரெண்டையும் தள்ளிவிடச் சொல்லுறார்."

தள்ளிவிட்டால் புள்ளியும் போச்சு, கமெராவும் போச்சு. ஒரு தப்பும் செய்யாத பிள்ளை ஒன்று களவெடுத்த பெயரோடு வீட்டுக்குப் போகும். நிசாந்தினியின் நித்திரையைக் கெடுத்தது அதுதான்.

ஒரு கோப்பு மதுசனுடையது. டவுன் பொடியன். அச்சடித்து, வர்ணம் தீட்டி, எல்லாருக்கும் முதல் கொண்டுவந்து கொடுத்தவன். மற்றது ஜெயபுரத்து மேனுகாவுடையது. மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய கோப்பு பிந்தி வந்தது, சைக்கிள் சேற்றையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்தது. இரண்டுமே முதல்நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. இரண்டிலும் இதே வரிகள்:

"விடியற்காலை. அப்பா சைக்கிளுக்குக் காற்றடிப்பார். மகள் புது உடுப்போடு வெளியே வருவாள். அப்பா பேசுவார். மகள் தலை குனிந்து நிற்பாள். பிறகு சிரித்தபடி சைக்கிளில் ஏறிப் போவாள்."

கீறிய படங்கள் மட்டும் வேறு. மதுசன் வரைந்திருந்த அப்பா விரலை நீட்டிக்கொண்டு நின்றார்; கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மகளின் கண்ணில் நீர் முட்டியிருந்தது. அதைப் பார்த்துப் பிரதீபன் அசந்தே போனான். மேனுகாவுக்கோ கோடு இழுக்கத்தான் வரும். ஒரு கோட்டு மனிதர் இன்னொரு கோட்டு மனிதரின் நெற்றியில் கை வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பிரதீபன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான். இவ்வளவு வடிவாகக் கீறுகிறவன் எதற்குக் களவெடுக்க வேண்டும்? முதலில் கொடுத்ததும் அவன்தானே? றினோஸா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் கொடுத்தவர்தான் முதலில் எழுதினவர் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். அவனுக்கு மூஞ்சி சுருங்கிப்போயிற்று.

மேனுகாவைக் கூப்பிட்டார்கள். வந்தவள் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எப்போது எழுதினாய் என்று கேட்டதற்கு, வீட்டில் தாளில் படம் போட்டுவிட்டு, எழுத்தை மட்டும் பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரில் அடித்ததாகச் சொன்னாள். மதுசனிடம் காட்டினாயா?

"நான் மதுசனோட பேசினதே இல்ல டீச்சர்," என்றாள்.

றினோஸாவின் பேனை அந்த இடத்தில் நின்றது. கோப்பைத் திரும்ப எடுத்து ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மதுசனையும் நிசாந்தினியையும் கூப்பிடச் சொன்னார்.

எல்லாரும் வந்து சேர்ந்தபின், அப்பா வரும் காட்சியை விளக்கச் சொல்லி மதுசனைக் கேட்டார்.

"அப்பா மகளைப் பேசுறார் டீச்சர். வேலைக்குப் போக வேண்டாமெண்டு."

"பிறகு அவள் ஏன் சிரிச்சுக்கொண்டு போறாள்?"

மதுசன் நிசாந்தினியைப் பார்த்தான். றினோஸா மேனுகாவின் பக்கம் திரும்பினார்.

"அப்பா திருநீறு பூசிவிட்டுப் பேசுவாரு டீச்சர். பயப்படாமப் போயிட்டு வான்னு. அதுக்குத்தான் மக தலையக் குனியிறா."

றினோஸா இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எங்கட பக்கத்தில அப்பா பேசுவார் எண்டா ஏச்சு விழும் எண்டு அர்த்தம். சும்மா சொல்லுறதெண்டா கதைக்கிறது. மேனுகா வீட்டில கதைக்கிறதுக்குத்தான் பேசுறது எண்டு பேர்; மதுசனோட பேசினதே இல்லையெண்டு இப்பத்தான் சொன்னாள். அவள் தன்ர வீட்டுச் சொல்லை எழுதினாள். வேற ஆரோ அதைத் தன்ர வீட்டுச் சொல்லா வாசிச்சிருக்கினம்."

பிரதீபன் விடவில்லை. அவள் அவனைப் பார்த்து எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டான்.

"அப்பிடியெண்டா அவளும் விரல் நீட்டின அப்பாவைத்தான் கீறியிருப்பாள். இவனுக்குக் கிடைச்சது வெறும் எழுத்து. அவளின்ர படத்தை இவன் காணேல்லை. ஏச்சு வாங்கின பிள்ளை உடனே சிரிச்சுக்கொண்டு சைக்கிள் ஏறாது. தானாக யோசிச்சவர் அந்த ஓட்டையை விட்டிருக்க மாட்டார்."

மதுசன் தலையைத் தொங்கப்போட்டான். மேனுகா கொம்பியூட்டரை மூடாமல் எழும்பிப் போன அன்று திரையில் பார்த்ததாகவும், நாள் நெருங்கியும் தனக்கு ஒன்றும் வராததால் எடுத்ததாகவும் மெல்லச் சொன்னான்.

மேனுகா கதிரையில் அமர்ந்துவிட்டாள். வாய்விட்டே அழுதாள். அப்பாடா என்று மூச்சு வந்தபின் வருகிற அழுகை. நிசாந்தினி அவளைத் தட்டிக்கொடுத்தார், தானும் கண்ணைத் துடைத்தார். பிரதீபன் தன் தீர்ப்பை ஒருவரும் நினைவுபடுத்தவில்லை என்று நிம்மதிப்பட்டான்.

மதுசனின் திட்டத்துக்குப் பூச்சியம் போட்டார் றினோஸா. போட்டுவிட்டு அந்த விரல் நீட்டிய படத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்தார்.

"இந்த முகம் ஆரின்ர?"

"எங்கட அப்பாவின்ர."

"என்னத்துக்குப் பேசுவார்?"

"கணக்குப் படிக்காமல் இந்தப் பாடத்தை எடுத்ததுக்கு."

"இந்தக் கோப்பில உன்ர சொந்தச் சரக்கு இது ஒண்டுதான். பிழையா விளங்கினதால வந்தது. இதில இருந்து புதுசாத் தொடங்கு. திரும்பக் குடுக்கிறதுக்கான கடைசித் திகதிக்குள்ள தந்தா வாசிப்பன்."

மதுசன் படத்தை எடுத்துக்கொண்டான். படியிறங்கப் போனவனை மேனுகாவின் குரல் நிறுத்தியது. திட்டம் தேறியதால் கைக்கு வந்த கமெராப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற அவள், இத்தனை நாளில் முதல் தடவையாக அவனோடு கதைத்தாள்.

"நான் வெரசா எடுத்து முடிச்சிருவேன். அதுக்கப்புறம் கமெரா சும்மாதானே இருக்கும்."