திரும்பி வந்த இளஞ்சிவப்பு

இளஞ்சிவப்பு போய்விட்டுத் திரும்பி வந்தது.

அப்படி வரக்கூடாது. பூமிக்குள் ஆழமாகப் போடும் துளையிலிருந்து ஏறிவரும் சேற்றை அழுத்திப் பிழிந்து, அந்தத் தெளிநீரில் நிறம் காட்டும் மருந்தை இரண்டு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். மேலே நிற்கும் கண்ணாடிக் குழாயைத் திறந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, ஏதோ ஒரு சொட்டில் நிறம் சட்டென்று செத்துப்போகும். செத்தது செத்ததுதான். அன்று பிற்பகல், மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றதால் பகலிலேயே விளக்குப் போட்டிருந்த அந்தத் தகர அறையில், அவள் குடுவையை மேசையில் வைத்த பிறகு அது மெல்ல மெல்ல மறுபடி சிவந்தது.

வடிதாளில் எங்கோ பொத்தல், சுண்ணாம்புத் தூள் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். நடக்கக்கூடியதுதான். தாளை மாற்றினாள். குடுவையைத் தேய்த்துக் கழுவினாள். புது அமிலப் புட்டியைத் திறந்தாள். நிறம் போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று. இந்த முறை அவள் ஒரு சொட்டுகூட விடவில்லை.

தளத்தில் அவளுக்குச் ‘சேத்து டாக்டர்’ என்று பெயர். அதற்கு முன் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தவள். “ரத்தம் பாத்தவளுக்குச் சேறு பாக்கறது என்ன பெரிய வித்தை” என்று இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்கா புருஷன். மேலே ரிக் மேடையில் துளைக்குழாயை இறக்குகிற ட்ரில்லர் அவர்தான். சேறு கெட்டால் துளையின் சுவர் சரியும். உள்ளே அடைபட்ட வாயு கிளம்பினால் மேடையோடு எல்லோரும் போக வேண்டியதுதான். அதனால் அவள் வேண்டாம் என்றால், சேற்றைத் துளைக்குள் செலுத்தும் பம்பு நிற்கும். மாமாவிடம் அவள் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

இண்டர்காமை அழுத்தினாள்.

“மாமா, கீழ எப்படிப் போகுது?”

“அதை ஏன் கேக்கறே பாப்பா. காலைல வரைக்கும் கல்லோட மல்லுக்கட்டு. இப்ப வாழைத்தண்ட வெட்டற மாதிரி இறங்குது.”

“டெஸ்ட் சரியா வரல மாமா.”

“இன்னொருக்கா பாரு. சாப்பிடாம உக்காந்திருப்பே, கண்ணு கட்டியிருக்கும்.”

புதுச் சேறு எடுத்துவர வெளியே போனாள். கைப்பிடிக் கம்பி நனைந்து சில்லிட்டிருந்தது. பம்புகளின் உறுமல் பனிக்குள்ளிருந்து பஞ்சு சுற்றியதுபோல் வந்தது. டீசல் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. எங்கே முகர்ந்தது என்று சற்று நின்று யோசித்தாள். வார்டில், நோயாளியின் போர்வையை விலக்கியதும் முகத்தில் அடிக்குமே, அந்த வெதுவெதுப்பான மனித வாடை.

ஏறிவரும் சேற்றைச் சலிக்கும் சல்லடைக்காரர் வேலையை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதப் பாருங்க டாக்டரே. கல்லே வரல.”

வெளிறிய செதில்கள். மெல்லியவை. விரலால் தொட்டால் மடங்கின. கைமுட்டியின் மேல் இருப்பதுபோல் நுண்ணிய கோடுகள். அவர் கையைக் காற்சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அறைக்குள் வந்து உப்பு பார்த்தாள். மஞ்சளாக இருந்த தெளிநீரில் வெள்ளி மருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. செங்கல் நிறம் வந்து நின்றது. குழாயின் அளவைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாறைக்குள் இருக்கும் உப்பு எவ்வளவோ கூடும், குறையும். இது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லேபில் வருஷக்கணக்காகப் பார்த்த அதே உப்பு. உடம்பின் உப்பு.

சேற்றுக் கோப்பையைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.

“மாமா, பம்ப நிறுத்துங்க.”

“விளையாடறியா?”

“வேண்டாம்னு சொல்றேன் மாமா. நிறுத்துங்க.”



“சரிம்மா. நீ சொன்னா நிறுத்திடறேன். குழியில இறங்கி ஒரு பார்வை பாத்துட்டு வரேன்.”

பம்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. மேசை நடுக்கம் நின்றது. குடுவையில் நிறம் போயிருந்தது. காத்திருந்தாள். வரவில்லை. மூச்சு விட்டாள்.

அப்போது ஒரு சத்தம். ஈரமாக. மெதுவாக. திறந்திருந்த உதடுகள் ஒட்டிக்கொள்வதுபோல்.

ஓடினாள்.

மேடைக்கு அடியில், குழாய் பூமிக்குள் இறங்குகிற இடத்தில், சிமெண்ட்டுச் சுவர் கட்டிய குழி. அதன் விளிம்பில் சல்லடைக்காரர் குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

குழியில் சேறு இல்லை. புண் ஆறும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வருமே, அப்படி நாலு பக்கச் சுவரிலிருந்தும் வந்து குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது, பிறந்த குழந்தையின் தோல்போல் வழவழப்பான ஒன்று. நடுவில் மாமா. இடுப்புவரை.

“மாமா. கையக் குடுங்க.”

அவர் நிமிர்ந்தார். கண்கள் பாதி செருகியிருந்தன.

“வலிக்கல பாப்பா,” என்றார். “கதகதன்னு இருக்கு. வர லேட்டாகும்னு உங்கக்காகிட்ட சொல்லிடு.”

குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவரோடு சேர்ந்து குழியின் தரை முழுவதும் கூடாரம்போல் மேலே எழும்பி வந்தது. கை வழுக்கியது. தரை அடங்கியது. அவர் எங்கே முடிந்தார், அது எங்கே தொடங்கியது என்று காட்ட ஒரு தழும்புகூட இல்லை. இப்போது மார்புவரை.

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குளிர்காற்று வந்து குழிக்குள் இறங்கியது.

சுவரிலிருந்து சுவர்வரை, அந்தத் தோல் முழுவதும் மெல்லப் புல்லரித்தது.